சொன்னது ஒன்று, சொல்லாதது ஒன்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை நான் மறைப்பதில்லை, மறைத்தாலும் நிற்காது. கார் ஓட்டத் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுக்கும் வேலையில் காலம் தள்ளியவள் நான். பக்கத்து இருக்கையில் நான் ஏறி உட்கார்ந்ததுமே பாதிப் பேருக்கு எது கிளட்ச், எது பிரேக் என்று மறந்துவிடும். மீதிப் பேர் முதல் திருப்பத்தில் மறப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணை என் வீட்டுக்காரர் மேல் திருப்பினேன். அவர் குளியலறைக் கதவைச் சாத்தும் விதத்தில்கூட எனக்குக் குறை தெரிந்தது. மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த விளம்பரம் ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். குடியேற்ற ஆலோசகர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் குழுவுக்குப் பொதுமக்களில் ஒருவர் தேவையாம்.

"உனக்குன்னே போட்டிருக்காங்க. அங்க போய்க் குத்தம் கண்டுபிடிச்சா டீயும் கொடுப்பாங்க" என்றார்.

கோபத்தோடுதான் விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

விசாவுக்கும் குடியுரிமைக்கும் அலைகிற மக்களுக்கு வழி சொல்லி, விண்ணப்பம் தயாரித்து, அதிகாரிகள் முன்னால் கூட நிற்பவர்தான் குடியேற்ற ஆலோசகர். அதற்கு ஒரு லைசென்ஸ் உண்டு. அவர் தப்பு செய்தால் புகார் எங்களிடம் வரும். நாங்கள் மூன்று பேர். தலைவர் அம்மா ஒரு வக்கீல். ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கிற தீர்ப்பைக்கூட, 'கொஞ்சம் சர்க்கரை வேணுமா' என்று கேட்கிற குரலில்தான் வாசிப்பார். இரண்டாமவர் அதே தொழிலில் பழுத்த ஆலோசகர். விதிப் புத்தகத்தைக் கழிப்பறைக்குப் போகும்போதும் கக்கத்திலேயே வைத்திருப்பார். மனதுக்குள் அவருக்கு 'சட்டப்புத்தகம்' என்று பெயர் வைத்திருந்தேன். சக தொழில்காரர் மேல் அவருக்கு இரக்கமே கிடையாது. தொழிலின் மானம் போகிறது என்பார். மூன்றாவது நான்.

ஒரு நாள் விசாரணைக்கு வந்த புகார் ஒரு பேருந்து ஓட்டுநர் கொடுத்தது. அதில் இரண்டே குற்றச்சாட்டுகள். முதலாவது: நான் தனியாகச் சொன்னதை ஆலோசகர் என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது: என் மனைவி தனியாகச் சொன்னதை ஆலோசகர் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நான் இரண்டு தடவை படித்தேன். இடது பக்கம் சிக்னல் போட்டு வலது பக்கம் திரும்புகிறவர்களை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிக்னல் போடுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் விசாரணை அறை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. மேசையின் ஒரு கால் குட்டை, அதற்கு மடித்த அட்டை வைத்திருக்கும். ஏசி தன் இஷ்டத்துக்கு ஓடும். கீழே யாரோ கண் பரிசோதனைக்காக எழுத்துகளை உரக்கப் படிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆலோசகர் முதலில் வந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். கழுத்தில் டை. அதைக் கட்டிப் பழக்கமில்லாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவரைப் பற்றி எங்கள் கோப்பில் ஏற்கனவே ஓர் எச்சரிக்கை இருந்தது. மேல்படிப்புக்கு விசா கிடைத்த ஒரு பெண்ணை, அவளுடைய அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது வாயாரப் பாராட்டியிருக்கிறார். அவள் வெளிநாடு போகப்போவதே அப்பாவுக்கு அதுவரை தெரியாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சந்தோஷம் வந்தால் இவருக்கு வாய் நிற்காது. தொழில் வட்டத்தில் இவருக்கு 'ஓட்டைவாய்' என்றே பெயர். வாடிக்கையாளர் சொன்னதை வெளியே விடுவது இந்தத் தொழிலில் பெரிய குற்றம். இரண்டாவது தடவை அதே குற்றம் என்றால் லைசென்ஸை ரத்து செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே அன்றைக்கு அந்த மனிதர் தன் பிழைப்பையே கையில் பிடித்துக்கொண்டுதான் படியேறி வந்திருந்தார்.

ஓட்டுநர் பின்னால் வந்தார். ஒல்லி. சட்டைக் காலரின் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. கண்கள் செக்கச் செவேல் என்று இருந்தன. குடித்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மோப்பம் பிடித்துப் பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

ஓட்டுநர் சொன்னார். அவருக்கு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க உரிமை உண்டு, மனைவிக்கு இன்னும் இல்லை. அதற்கான விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கடைசிப் படி நேர்காணல். கல்யாணம் உண்மையா, விசாவுக்காகச் செய்ததா என்று பார்க்க, கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து அதிகாரிகள் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். வீட்டில் எத்தனை ஜன்னல், யார் முதலில் எழுவது, இப்படி. அதற்காக ஆலோசகர்கள் முன்கூட்டியே ஓர் ஒத்திகை நடத்துவது வழக்கம். தனித்தனியாகக் கேட்டு, பதில்களைப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"எங்கிட்ட, உங்க வீட்டுல யார் குறட்டை விடுவாங்கன்னு கேட்டாரு. நேர்காணல்ல உண்மையத்தான் சொல்லணும்னு அவரே சொன்னாரு. அதனால உண்மையச் சொன்னேன். இவதான் விடுவா, கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சரியாத் தூங்கினதே இல்லன்னேன்."

"சரி."

"அதை அப்படியே அவ முன்னாடி படிச்சுட்டாரு, மேடம். 'கணவர் சொல்றாரு மனைவி குறட்டை விடுறாங்கன்னு. மனைவி சொல்றாங்க யாருமே விடுறதில்லன்னு. பதில் ஒத்து வரலயே' அப்படின்னாரு. அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போனவதான், இன்னும் வரல. ரெண்டு மாசம் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறதில்ல. தினம் ஒரு மெசேஜ் மட்டும் வரும். அதுலயும் குத்தல்."

"என்ன குத்தல்?"

அவர் போனை நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். எல்லா நாளும் ஒரே செய்தி: நான் நல்லா இருக்கேன். நல்லாத் தூங்குங்க.

"பாத்தீங்களா? தூங்கணுமாம்" என்றார் ஓட்டுநர்.

தலைவர் ஆலோசகர் பக்கம் திரும்பினார். முதல் குற்றச்சாட்டுக்கு என்ன பதில்?

"தப்புதாங்க. ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி வாங்கிட்டுத்தான் ஒப்பிட்டிருக்கணும். வேற எல்லா பதிலும் ஒத்து வந்துதா, எனக்குச் சந்தோஷம் தாங்கல. அந்த வேகத்துல படிச்சுட்டேன்."

சட்டப்புத்தகம் உச்சுக் கொட்டினார். "சந்தோஷத்துக்கு விதியில இடம் இல்லயே" என்றார். எனக்குக்கூட எரிச்சல் வந்தது. பச்சை விளக்கைப் பார்த்த சந்தோஷத்தில் குறுக்கே வருகிறவரைப் பார்க்காமல் வண்டியை எடுக்கிற ஆள்தான் இவர், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன்.

"ரெண்டாவது குற்றச்சாட்டு?"

ஆலோசகர் டையைப் பிடித்து இழுத்தார். "அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"அந்தம்மா சொன்னது அந்தம்மாவோடது. அவங்க அனுமதி கொடுக்கல."

ஓட்டுநர் பொறுமை இழந்தார். "இதைத்தான் மேடம் ரெண்டு மாசமாச் சொல்றாரு. ஒத்திகை முடிஞ்ச மறுநாள் அவ தனியா இவர் ஆபீசுக்குப் போயிருக்கா. அப்ப நான் அந்த ரூட்லதான் பஸ் ஓட்டிக்கிட்டிருந்தேன். சிக்னல்ல நிக்கும்போது கண்ணாடிக் கதவு வழியாப் பார்த்தேன். இவ பேசிக்கிட்டே இருக்கா, இவரு தலைய ஆட்டிக்கிட்டே இருக்காரு. என்ன சொன்னான்னு கேட்டா வாயத் திறக்கல. தினம் டியூட்டி முடிஞ்சு போய்க் கேட்டேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன். புகார் கொடுத்த பிறகுகூடப் போய், ஐயா, அவ சொன்ன ஒரு வார்த்தையச் சொல்லிடுங்க, நான் புகாரை வாபஸ் வாங்கிடறேன்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டாரு. இவருக்கு எவ்வளவு திமிரு பாருங்க."

கீழே யாரோ கடைசி வரி எழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தார்.

தான் என்ன சொன்னோம் என்று ஓட்டுநருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. நான் ஆலோசகரைப் புதிதாகப் பார்த்தேன். ஊரே ஓட்டைவாய் என்று கூப்பிடுகிற மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் புகார் போய்விடும், லைசென்ஸ் தப்பிவிடும். சொல்லவில்லை. நெற்றியில் வியர்வையோடு மேசையின் குட்டைக் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மாகிட்டயே நீங்க அனுமதி கேட்டிருக்கலாமே" என்றேன் நான்.

"தினம் கேட்டேங்க. வேண்டாம்னாங்க. புகார் விஷயத்தைச் சொன்னா ஒருவேளை சரின்னிருப்பாங்க. ஆனா விசாரணை முடியற வரைக்கும் புகாரைப் பத்தி யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு நீங்கதானே நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க."

சட்டப்புத்தகம் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. எங்கள் விதியே அந்த மனிதரை இரண்டு பக்கமும் கட்டிப் போட்டிருந்தது. அவரும் எழுத்துக்கு எழுத்து அதை மதித்திருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்றேன்.

"யாரும் சாட்சின்னு அவங்க பேரைக் கொடுக்கலயே" என்றார் சட்டப்புத்தகம்.

"நான் கொடுக்கறேன். குழுவுக்கு அந்த அதிகாரம் இருக்கா, இல்லயா?"

அவர் பக்கம் புரட்டினார். முகத்தைச் சுளித்துக்கொண்டே, இருக்கிறது என்றார். "நல்லதாப் போச்சு" என்றார் தலைவர், டீ கொண்டுவரச் சொன்னார்.

மனைவி பல் செட் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறவர். நாலு தெரு தள்ளித்தான் பட்டறை. எங்கள் எழுத்தர் போன் செய்ததும் கட்டியிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்துவிட்டார். முழங்கை வரைக்கும் பல் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு. உள்ளே வந்ததும் முதலில் கணவரைத்தான் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

ஓட்டுநர் வீம்பாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீம்பு எனக்குத் தெரிந்த வீம்புதான், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

தலைவர் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி விஷயத்தை விளக்கினார். இவர் மேல் புகார் வந்திருக்கிறது, இரண்டாவது தடவை என்பதால் லைசென்ஸ் போகலாம், நீங்கள் தனியாகச் சொன்னதைச் சொல்ல இவர் மறுக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ சார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஆலோசகரைக் கேட்டார்.

"சொல்லக் கூடாதும்மா. அதுதான் பிரச்சினையே" என்றார் அவர்.

"நீங்க சொன்னதை இவர் இங்க சொல்லலாமா? உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்றார் தலைவர்.

அந்தப் பெண் ஏப்ரன் நுனியைச் சுருட்டினார். மாவு மேசையில் உதிர்ந்தது. "நானே சொன்னா அழுதுடுவேன். அவரே சொல்லட்டும். எல்லாத்தையும் சொல்லட்டும்."

ஆலோசகர் எழுந்து நின்றார். டையைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு மடை திறந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் மூச்சு விடாமல் வந்தது.

"சார், உங்க மனைவிக்குக் கோபமே இல்ல. ஒரு துளி இல்ல. தான் குறட்டை விடறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்குத்தான் முதல் தடவையாத் தெரிஞ்சுது. மறுநாள் எங்கிட்ட வந்து ஓன்னு அழுதாங்க. 'இவ்வளவு வருஷமா அந்த மனுஷன் தூங்காம விடியக்காலையில எழுந்து பஸ் எடுக்கப் போயிருக்காரு, அவரை நம்பி அத்தனை பேரு பஸ்ஸுல உக்காந்திருக்காங்க, ஏதாவது ஆயிருந்தா என்ன ஆகறது'ன்னாங்க. நீங்க நல்லாத் தூங்கணும்னுதான் அக்கா வீட்டுக்குப் போனாங்க. அங்கருந்து டாக்டர்கிட்ட காட்டி, குணமான பிறகுதான் வருவாங்களாம். அதை உங்ககிட்ட சொல்ல வெக்கம். போன் எடுத்தா நீங்க வான்னு சொல்லுவீங்க, உங்க குரலைக் கேட்டா அவங்க ஓடி வந்துடுவாங்களாம், அதனாலதான் எடுக்கறதில்ல. தினம் காலையில எனக்கு போன் வரும் சார். ஒரே கேள்வி. 'அவர் தூங்கறாரா?' அவ்வளவுதான். நீங்க தினம் சாயங்காலம் சிவந்த கண்ணோட வந்து நிப்பீங்க. ஆனா நீங்க தூங்கறீங்களா இல்லையாங்கறது உங்க விஷயம். அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நான் தெரியாதும்மான்னேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு எனக்கே தூக்கம் போச்சு சார்."

ஓட்டுநர் மெதுவாக ஜன்னலை விட்டுத் திரும்பினார். திருதிருவென்று விழித்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"தூங்கல."

"என்ன?"

"நீ போன நாள்லருந்து தூங்கல. வீடு சத்தமே இல்லாம கிடக்கு. அந்தச் சத்தம் இல்லாம என்னால தூங்க முடியல. டிப்போவுல கண்ணைப் பார்த்துட்டு, பஸ் எடுக்காத, கவுன்ட்டர்ல உக்காருன்னுட்டாங்க. சத்தம் போட்டா போட்டுட்டுப் போ. வீட்டுக்கு வா."

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மாவு. எனக்கும் அழுகை வந்தது, அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எத்தனை பேரை அழவைத்தவள், ஒரு நாள் அழுதால் குறைந்தா போய்விடும்.

நாங்கள் மூவரும் தீர்ப்பைப் பேசப் பக்கத்து அறைக்குப் போனோம். அது அறைகூட இல்லை, பழைய கோப்புகள் வைக்கிற இடம். நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

"முதல் குற்றச்சாட்டு நிரூபணம் ஆயிடுச்சு" என்றார் தலைவர்.

"அவரே ஒத்துக்கிட்டாரு. ரெண்டாவது தடவை. ரத்து செய்ய விதி இருக்கு" என்றார் சட்டப்புத்தகம்.

நான் சண்டைக்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அதற்குள் அவரே விதிப் புத்தகத்தை மூடி, பழைய கோப்புகளின் மேல் வைத்தார். அவர் கையில் அந்தப் புத்தகம் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஆனா ஒண்ணு. நானா இருந்தா முதல் வாரமே சொல்லியிருப்பேன்" என்றார். "ரெண்டு பேரும் நல்லவங்க, சொன்னா சேர்ந்துடுவாங்க, நம்ம லைசென்ஸும் தப்பிச்சுடும். யாருக்கு நஷ்டம்னு நினைச்சுச் சொல்லியிருப்பேன். இந்த ஆளு சொல்லல. அவரோட லைசென்ஸை நான் ரத்து பண்ண மாட்டேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இடம் போதாததால் தப்பித்தார்.

தலைவர் தீர்ப்பை எழுதினார். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வரிசையாக விசாரணை அறைக் கதவைத் திறந்து உள்ளே போனோம்.

உள்ளே ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஆலோசகர் எங்கள் மேசையின் அந்தப் பக்கத்தில், தலைவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். புகார் கொடுத்தவரும் அவர் மனைவியும் எதிரே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற வியாழக்கிழமை நேர்காணல். பிரிந்து இருந்ததை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"மறைக்கவே கூடாது. கேட்டா அக்கா வீட்டுல இருந்தேன், இந்தக் காரணம்னு நடந்ததை அப்படியே சொல்லுங்க. சரி, ரெண்டு பேரும் கடைசியா எப்ப சண்டை போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஆலோசகர். "பதிலை ஒருத்தருக்கொருத்தர் தெரிய வைக்கலாமா? ரெண்டு பேரும் சம்மதமான்னு வாயால சொல்லுங்க."

"சம்மதம்."

"சம்மதம். இப்பத்தான் போட்டோம், இவ அக்காகிட்ட யாரு போய்ப் பேசறதுன்னு."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கிக் காட்டினார். "ஒரு நிமிஷம் மேடம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

தன் பிழைப்பு நிலைக்குமா போகுமா என்று தெரியாத நேரத்தில், அதைப் பறிக்கச் சொல்லிப் புகார் கொடுத்தவருக்கே அந்த மனிதர் வேலை செய்துகொண்டிருந்தார். அதுவும் முழு மூச்சாக. நாங்கள் மூவரும் எங்கள் அறையிலேயே சுவரோரமாக நின்றோம். சட்டப்புத்தகம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது.

கடைசியில் ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து, நாற்காலியைத் தலைவர் பக்கம் தள்ளினார். தலைவர் உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தார். முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டது, அதற்குக் கண்டனம். ஓராண்டுக்கு மூத்த ஆலோசகர் ஒருவருடைய மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இரண்டாவது குற்றச்சாட்டு தள்ளுபடி. வாடிக்கையாளரின் ரகசியத்தைத் தன் நலனுக்காகக்கூட வெளியிட மறுத்ததைக் குழு பாராட்டுகிறது. லைசென்ஸ் தொடரும்.

ஆலோசகர் மேசையில் கிடந்த டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். ஓட்டுநர்தான் கேட்டார், இன்னும் விஷயம் சரியாகப் பிடிபடாதவர் மாதிரி.

"அப்ப வியாழக்கிழமை இவரு எங்ககூட வரலாமா, மேடம்?"

"தாராளமா வரலாம்" என்றார் தலைவர்.

ஓட்டுநர் ஆலோசகரின் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பெண் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆலோசகர் குடித்தார், பாதி சட்டையில் கொட்டியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மூவரையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, அவர்கள் இருவர் பக்கமும் திரும்பினார்.

"சரி, அடுத்த கேள்விக்கு வாங்க" என்றார்.